ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? நான் கோட்டைவிட்ட இடமும் இப்போது செய்யும் முறையும்

ப்ரொப்பல்லரைச் சமன்செய்து வாங்கி, பளபளவென்று மாட்டி, படகைத் தண்ணீரில் இறக்கினேன். எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்றைத் தாண்டியதும் தளம் மொத்தமும் நடுங்கியது. ப்ரொப்பல்லர்தான் புதுசுபோல் இருக்கிறதே, அப்புறம் என்ன? எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்தான் என்று நானே தீர்ப்பு எழுதி, இரண்டு வார இறுதிகளை எஞ்சினுக்கு அடியில் படுத்தே கழித்தேன். கடைசியில் மாட்டியது விரல் நீள உலோகத் துண்டு ஒன்று. ப்ரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டுக்கும் ப்ரொப்பல்லருக்கும் நடுவே செருகியிருக்கும் ‘கீ’.

எஞ்சின் படகுக்குள் இருந்து, ஷாஃப்ட் அடிப்பக்கம் வழியாக நேராக வெளியே வரும் படகுகளுக்கான பதிவு இது. எஞ்சினைப் படகின் பின்னால் வெளியே மாட்டியிருக்கும் அவுட்போர்டுக்காரர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் வைத்திருக்கிறேன். படகைக் கரையேற்றி முட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறேன்.

கை வைக்கும் முன் பேட்டரி சுவிட்சை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தடித்த கையுறை கட்டாயம். தேய்ந்த இதழின் விளிம்பு கத்திதான்.

கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

பாசியையும் சிப்பியையும் சுரண்டி எடுத்துவிட்டு நிறத்தைப் பாருங்கள். ப்ரொப்பல்லர் வார்க்கும் மாங்கனீஸ் வெண்கலம் என்பது பெயரளவில்தான் வெண்கலம். உண்மையில் துத்தநாகம் நிறையக் கலந்த பித்தளை. துத்தநாகம் கரைந்து போனால் செம்பு மட்டும் ஓட்டை ஓட்டையாக மிஞ்சும். மஞ்சளாக இருக்க வேண்டிய இடம் இளஞ்சிவப்பாகத் தெரிவது அதனால்தான். சிறு சுத்தியலால் ஒவ்வொரு இதழையும் லேசாகத் தட்டுங்கள். ‘கணீர்’ என்றால் நல்லது. ‘டொக்’ என்றால் அந்த இதழ் உள்ளே பலமிழந்திருக்கவோ விரிசல் விட்டிருக்கவோ வாய்ப்பு அதிகம்; பட்டறைக்கு அனுப்புங்கள்.

குழிகள் இருந்தால் எங்கே என்று பாருங்கள். எல்லா இதழிலும் ஒரே இடத்தில் மட்டும் சொறிசொறியாக இருந்தால், அது பெரும்பாலும் நீர்க்குமிழிகள் உடைந்து கொத்திய தடம். ப்ரொப்பல்லர் முழுக்கப் பரவியிருந்தால் மின்வேதி அரிப்பைச் சந்தேகப்படுங்கள். தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கும் ஆனோடைப் போய்ப் பாருங்கள்.

இதழ் வளைந்திருக்கிறதா என்று அறிய ஒரு குச்சி போதும். படகின் அடியில் ஒரு புள்ளியில் குச்சியை ஊன்றி, அதன் நுனி ஒரு இதழின் முனையைத் தொடுமாறு நிறுத்துங்கள். ஷாஃப்டைக் கையால் சுற்றும்போது எல்லா இதழும் அதே இடைவெளியில் கடக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருந்தால் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள். சுத்தியலால் நீங்களே நிமிர்த்த வேண்டாம். நிமிர்ந்த மாதிரிதான் இருக்கும், பிட்ச் (இதழின் சாய்வு) கெட்டிருக்கும்.

அடுத்து, ஷாஃப்டைத் தாங்கும் ரப்பர் உள்ள கட்லஸ் பேரிங். ஷாஃப்டை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருந்தாக வேண்டும்; அந்த இடைவெளியில் ஓடும் தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். 25 மி.மீ. ஷாஃப்டில் ஆட்டம் 1.5 மி.மீ.யை நெருங்கினால் பேரிங்கை மாற்றிவிடுவேன். ரப்பர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் புது பேரிங் போட்டும் பயனில்லை. அலைன்மென்ட், அதாவது எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் நிற்பது, தப்பியிருக்கிறது, புதுசும் அப்படித்தான் தேயும்.

ஆனோட் பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். உப்புத் தண்ணீருக்குத் துத்தநாகமோ அலுமினியமோ, நன்னீருக்கு மெக்னீசியம். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் அது வெறும் கனம். மாட்டும் இடத்தில் ஷாஃப்ட் பளிச்சென்று இருக்க வேண்டும். பேரிங்கின் வாயை ஒட்டி மாட்டாதீர்கள், தண்ணீர் உள்ளே போவது தடைபடும்.

கழற்றுவது

புல்லர் (ப்ரொப்பல்லரை இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. ப்ரொப்பல்லரின் நடுப்பகுதியான ஹப்பின் முன்பக்கத்தில் சுத்தியலால் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடி நேராக கியர்பாக்ஸ் பேரிங்கில் போய் விழுகிறது. இரண்டு கால் புல்லரைவிட, ஹப்பைச் சுற்றிப் பிடிக்கும் தட்டு வகை நல்லது.

நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னை எடுத்து, வெளி நட்டைக் கழற்றி, உள் நட்டைச் சில சுற்று தளர்த்தி அப்படியே விட்டுவிடுங்கள். ப்ரொப்பல்லர் விடுபடும்போது ‘டமால்’ என்று பின்னால் பாயும். நட்டு இல்லையென்றால் அது நிற்பது உங்கள் மேல்தான். புல்லரை இறுக்கியும் அசையவில்லையா? இறுக்கத்தோடே விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். ஒரு இரவு கழித்துத் தானாகவே விடுபட்டதும் உண்டு.

மாட்டுவது (இங்கேதான் நான் விழுந்தேன்)

ப்ரொப்பல்லரைப் பிடித்து வைத்திருப்பது கீ என்றுதான் நினைத்திருந்தேன். பெரும்பாலான வேலையைச் செய்வது டேப்பர், அதாவது ஷாஃப்டின் நுனியை நோக்கிச் சிறுத்துவரும் பகுதி. ஹப்பின் உட்புறமும் அந்தக் கூம்பும் முழுக்க ஒட்டி உட்கார்ந்தால், அந்த உராய்வே சுழற்சியைக் கடத்திவிடும். கீ உபரிப் பாதுகாப்புதான்.

கீ உயரமாக இருந்தாலோ, மாட்டும்போது முன்னால் நழுவி, தான் உட்காரும் பள்ளத்தின் வளைந்த முனையில் ஏறிக்கொண்டாலோ, ஹப் அதன் முதுகில் சவாரி செய்யும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, மறுபக்கம் மட்டும் ஷாஃப்டைத் தொடும். நட்டை இறுக்கினால் கைக்கு நன்றாக இறுகியது போலவேதான் இருக்கும். அதுதான் என்னை ஏமாற்றியது.

இப்போது நான் செய்யும் முறை:

1. டேப்பரையும் ஹப்பின் உட்புறத்தையும் துடைத்துச் சுத்தம்செய்யுங்கள். பள்ளத்தின் விளிம்பில் பிசிறு இருந்தால் நுண் அரத்தால் எடுத்துவிடுங்கள்.

2. கீ இல்லாமல் ப்ரொப்பல்லரைக் கையால் அழுத்தி முழுதாக ஏற்றுங்கள். ஹப்பின் முன் விளிம்பு எங்கே நிற்கிறதோ, அங்கே ஷாஃப்டில் மார்க்கரால் ஒரு கோடு. சந்தேகம் இருந்தால் டேப்பரில் மார்க்கிங் புளூவை (தொடும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம்) மெல்லிசாகத் தடவி ஏற்றிப் பாருங்கள். நீலம் ஹப்பின் உள்ளே சுற்றிலும் ஒட்டியிருக்க வேண்டும்.

3. கழற்றி, கீயை வைத்து, மறுபடி ஏற்றுங்கள். ஹப் அதே கோட்டைத் தொட வேண்டும். 1 மி.மீ. முன்னதாக நின்றாலும் கீயில் ஏறியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

4. அப்படி நின்றால் கீயின் மேல்புறத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அராவுங்கள். பக்கங்களைத் தொடாதீர்கள்: பக்கவாட்டில் இறுக்கம், தலைக்கு மேல் சிறு இடைவெளி. இதுதான் கணக்கு. ஷாஃப்டின் பள்ளம் பின்பக்கம் திறந்திருந்தால் இன்னும் சுலபம்: ப்ரொப்பல்லரை முதலில் உட்காரவைத்து, பள்ளங்களை நேர்படுத்தி, கீயைப் பின்னாலிருந்து தள்ளிவிடலாம்.

5. இதழுக்கும் படகுக்கும் நடுவே மரக்கட்டை கொடுத்து நட்டை இறுக்குங்கள். முடிந்ததும் கோட்டைத் திரும்பப் பாருங்கள். ஹப் அதைத் தொட்டிருக்கவோ சற்றுத் தாண்டியிருக்கவோ வேண்டும். புது ஸ்பிளிட் பின் போடுங்கள். பழையதை நிமிர்த்திப் போடும் சிக்கனம் வேண்டாம்.

டேப்பரில் கெட்டி கிரீஸ் பூசச் சொல்வார்கள். நான் பூசுவதில்லை. இரண்டு உலோகமும் ஒட்ட வேண்டிய இடத்தில் மூன்றாவது ஆள் எதற்கு? எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு போதும்.

தண்ணீரில் இறக்கிய பிறகு

கரையில் நிற்கும் படகும் மிதக்கும் படகும் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. அதனால் அலைன்மென்டைப் படகு ஒரு நாளாவது மிதந்த பிறகுதான் பார்ப்பேன். ஷாஃப்டை கியர்பாக்ஸோடு இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு முகங்களையும் ஒட்டவைத்து, மேல், கீழ், இடம், வலம் நான்கிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். 4 அங்குல விட்டமுள்ள கப்ளிங்கில் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருக்கட்டும். பிறகு ஷாஃப்ட் பக்கத்தை மட்டும் கால் சுற்று திருப்பி மறுபடி அளவெடுங்கள். பெரிய இடைவெளி அதே திசையில் நின்றால் எஞ்சினை நகர்த்த வேண்டும். ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றிவந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது கப்ளிங் முகம் கோணல். மவுண்டை எவ்வளவு திருகினாலும் தீராது. இதை முதலிலேயே செய்திருந்தால் எனக்கு அந்த இரண்டு வார இறுதிகள் மிஞ்சியிருக்கும்.

க்ளாண்டில் (ஷாஃப்ட் படகை விட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு) பேக்கிங் கயிறு மாற்றுகிறவர்கள் பழைய வளையங்கள் எல்லாவற்றையும் கொக்கியால் எடுங்கள். அடியில் ஒன்று ஒளிந்திருக்கும், தேடுங்கள். கயிற்றை சுருளாகச் சுற்றாமல் தனித்தனி வளையங்களாக வெட்டி, மூட்டுகள் ஒரே நேர்கோட்டில் வராமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி வையுங்கள். ஓடும்போது சில சொட்டு சொட்டட்டும். சொட்டே இல்லாமல் இறுக்கினால் ஷாஃப்ட் சூடாகித் தேயும். ஓடி நின்றதும் க்ளாண்டைத் தொட்டுப் பாருங்கள்: வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு ஆகாது.

பின்சேர்க்கை 1: இரண்டு நட்டில் எது முதலில் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மெல்லியது முதலில், தடித்தது வெளியே. பார்க்கத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் வெளி நட்டை இறுக்கும்போது சுமை அதற்கு மாறிவிடுகிறது. அதிக மரை உள்ளதுதான் அந்த இடத்தில் இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: பேக்கிங் க்ளாண்டுக்குப் பதில் சொட்டாத சீல் வைத்திருக்கும் ஒருவருக்குப் படகு இறக்கியதுமே சீல் கீச்சிட்டதாம். உள்ளே காற்று அடைத்திருக்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது மடிப்பு மடிப்பான ரப்பர் பெல்லோஸைக் கையால் சற்றுப் பின்னுக்கு அழுத்தி, தண்ணீர் பீய்ச்சும் வரை காற்றை வெளியேற்றுங்கள். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் இதைச் செய்ய வேண்டும்.

பின்சேர்க்கை 3, அவுட்போர்டுக்கு: ப்ரொப்பல்லரைக் கழற்றியதும் அதன் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது சீலை அறுத்துவிடும். கியர் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. எஞ்சின் அலறுகிறது, படகு நகரவில்லை என்றால், நடு ஹப்பின் ரப்பருக்குக் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் ரப்பர் வழுக்குகிறது. கழற்றும்போது த்ரஸ்ட் வாஷர் (ப்ரொப்பல்லரின் தள்ளுவிசையைத் தாங்கும் வளையம்) எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.