மேடைக்கும் அச்சுக்கும் சிலேடை கட்டுவது எப்படி?

கல்யாண வரவேற்போ கோயில் திருவிழாப் பட்டிமன்றமோ, ஒரே சொல் இரண்டு பொருள் தரும் சிலேடையை மேடையில் நின்று தேடாதீர்கள். வீட்டிலேயே கட்டிக்கொண்டு போங்கள்.

முதலில் சொல். இரண்டு பொருளும் அந்த ஊரில் அன்றாடம் புழங்க வேண்டும். டெல்டாவில் பொன்னி என்றால் காவிரி, அரிசி. பெண்ணுக்கும் அந்தப் பெயர் உண்டு. "பொன்னி வந்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும்" என்று பொன்னியின் கணவர் சொன்னால் மூன்றும் நிற்கும். நிறுத்துவது 'வந்தால்'. 'வந்தது' என்றால் மனைவி விலகுவார், 'வந்தாள்' என்றால் அரிசி விலகும், 'பெருகினால்' என்றால் ஆறு மட்டும் மிஞ்சும். பெரும்பாலும் சிலேடை உடைவது வினையில்தான். திணை, பால், எண் காட்டாத வேண்டும், போதும், உண்டு, இல்லை போன்றவையே தோது.

இப்படிச் சொல்லைப் பிரிக்காமலே பல பொருள் தருவது செம்மொழிச் சிலேடை. சொல்லைப் பிரித்து இன்னொரு பொருள் எடுக்கும் பிரிமொழி இன்னும் நுணுக்கமானது. "நடவென்றால் பலகை வேண்டும்": வயலைச் சமப்படுத்தும் பரம்புப் பலகையும் வேண்டும், பல கையும் வேண்டும். சேர்த்துச் சொன்னால் ககரம் மெலிந்து ஒலிக்கும். நடுவே நிறுத்தினால் அது அழுந்தி ஒலித்து, பலகை போய்விடும். எழுதும்போதும் இடைவெளி விடாதீர்கள்.

சொல்வதற்கு முன் இரண்டு பொருளுக்கும் தடம் போட வேண்டும். மேட்டூர் திறக்கும் ஜூன் 12 பற்றி ஒரு வாக்கியம், அரிசி விலை பற்றி ஒரு வாக்கியம், பிறகு பொன்னி. அந்தச் சொல்லை அழுத்தாதீர்கள், நீங்களே சிரிக்காதீர்கள், விளக்கவே விளக்காதீர்கள்.

ஒருவரைச் சீண்டுவதானால் இரண்டாவது பொருள் கையில் தயாராக இருக்கட்டும். நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தில் சோறு தாமதமானதற்குக் காளமேகம் பாடியதாக வழங்கும் வெண்பாவைப் பாருங்கள். 'ஊரடங்கும்' என்றால் ஊரே தூங்கிவிடும் என்பது வசை, ஊர்ப்பசி அடங்கும் என்பது புகழ். 'வெள்ளி எழும்' என்பதில் விடிவெள்ளி முளைத்த பிறகே சோறு விழும் என்பது வசை, சோறு வெள்ளிபோல் வெளுப்பு என்பது புகழ். சத்திரத்தார் வருந்தியதும் புகழ்ச்சிப் பொருளை எடுத்துக் கொடுத்தார் என்பார்கள். உங்கள் வாக்கியத்துக்கும் இரண்டு பொருளையும் தாளில் எழுதிப் பாருங்கள். ஒன்றை வலிந்து இழுக்க வேண்டியிருந்தால் வாக்கியத்தை விட்டுவிடுங்கள். நினையாமல் வந்த இரட்டைப் பொருளுக்குக் கூட்டம் சிரித்தால், நினைத்துச் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். அது யாரையாவது குத்தியிருந்தால் அந்தக் குத்தும் உங்கள் கணக்கில் சேரும்.

அச்சில் இன்னொரு வகை உண்டு: தன்னையே காட்டிக்கொடுக்கும் வரி. "எழுத்துப்பிளை திருத்தித் தரப்படும்." நோக்கம் தெரிந்தால் சிரிப்பு, தெரியாவிட்டால் வெறும் பிழை. தெரிய வைக்க ஒரே வழி, பிழை ஒன்றே ஒன்று, அதுவும் பிழை என்ற சொல்லிலேயே. மற்ற ஒற்றெல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். "எழுத்து பிளை" என்று பகர ஒற்றும் விட்டுப்போனால், எழுதியவருக்கே தெரியவில்லை என்று முடிவுகட்டுவார்கள். மேடையில் இது எடுபடாது. ழகரத்தை ளகரமாகவே ஒலிப்பவர்கள் ஏராளம். அச்சகத்துக்குக் கொடுக்கும்போது ஓரத்தில் 'இப்படியே இருக்கட்டும்' என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் மெய்ப்புப் பார்ப்பவர் திருத்திவிடுவார்.