‘மா’ என்ற ஓரெழுத்தை வைத்து நாம் செய்யும் தவறுகள்

சீனத்தில் ‘மா’ என்றால் அம்மா, இத்தாலியத்தில் ‘ஆனால்’, ஹங்கேரியத்தில் ‘இன்று’, வடமொழியில் ‘கூடாது’. இப்படிப்பட்ட பட்டியல்கள் வாட்ஸப்பில் அடிக்கடி வருகின்றன. படிக்கச் சுவையாக இருக்கும், பெரும்பாலும் உண்மையும்கூட. அதை வைத்து என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதில்தான் சறுக்கல்.

முதலில், இவையெல்லாம் ஒரே ஒலி என்று எண்ணிவிடுகிறோம். உரோமன் எழுத்தில் ஒன்றுபோல் தெரிவதை நாம் தமிழில் ‘மா’ என்று எழுதியதும் வேறுபாடு முழுவதும் மறைந்துபோகிறது. ஹங்கேரியர் ‘இன்று’ என்பதற்கு உதட்டைச் சற்றுக் குவித்து, ‘மா’வுக்கும் ‘மோ’வுக்கும் நடுவே ஒலிப்பார்கள். எஸ்தோனியத்தில் ‘நான்’ என்று சொல்லும் சொல் குறில். அதற்கு உறவான பின்னிஷ் மொழியிலோ நல்ல நெடில், பொருள் நிலம். பிரெஞ்சில் ‘என்னுடைய’ என்று பொருள். ஆனால் அது பெண்பால் பெயருக்கு முன்னால்தான் வரும், அந்தப் பெயர் உயிரொலியில் தொடங்கினால் அங்கேயும் வராது.

சீனத்தில் சிக்கல் இன்னும் பெரிது. குரலை மேலேயே நிறுத்திச் சமமாகச் சொன்னால் அம்மா. கீழிருந்து ஏற்றினால் சணல். தாழ்த்திச் சொன்னால் குதிரை. வெட்டினாற்போல் இறக்கினால் திட்டுவது. வாக்கியக் கடைசியில் அழுத்தமில்லாமல் வந்தால், நம் ‘வந்தாயா’வில் உள்ள ஆகாரம்போல, கேள்வி. சீனர் காதுக்கு இவை ஐந்தும் தனித்தனிச் சொற்கள். வியட்நாமியத்திலும் அப்படியே: குரல் போகும் போக்கைப் பொறுத்துப் பேய், ஆனால், கல்லறை, நாற்று; தெற்கு வியட்நாமில் அம்மாவும் உண்டு. நமக்குக் குறில் நெடில் எப்படியோ அவர்களுக்குக் குரலின் ஏற்ற இறக்கம் அப்படி. ‘பல்’லும் ‘பால்’உம் ஒரே சொல் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

அப்புறம், தமிழுக்கு ஒரு பொருளை மட்டும் எழுதிவிட்டு நகர்வது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் தவறு. மாமரம் மட்டுமா ‘மா’? மாநகரத்தில் அது பெரியது. அரைத்த மாவும் மாதான். இலங்கைத் தமிழர் அன்றாடம் ‘மா’ என்றேதான் சொல்கிறார்கள். பழைய பின்னக் கணக்கில் மா என்பது 1/20, இருமா 1/10. தஞ்சைப் பக்கம் நிலத்தை ‘மா’ கணக்கில் சொல்வார்கள்: 20 மா சேர்ந்தால் ‘வேலி’ என்ற நில அளவு, ஒரு மா ஏறத்தாழ ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. சங்கப் பாடல்களில் மா என்றால் விலங்கு, பல இடங்களில் குதிரை.

குதிரை என்றதும் அடுத்த சறுக்கல் வந்துவிடும். சீனத்திலும் குதிரை ‘மா’, சங்கத் தமிழிலும் ‘மா’, ஆகவே சீனம் தமிழிலிருந்து வந்தது! ஒலி ஒன்று, பொருளும் ஒன்று என்பதால் நம்பத் தோன்றும். ஆனால் தமிழில் விலங்கு என்ற பொதுப்பொருளே குதிரைக்கும் வழங்கியது. சீனச் சொல்லின் பழைய வடிவத்திலோ மகரத்தை அடுத்து ஒரு ரகரம் இருந்தது என்று ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் கணித்திருக்கிறார்கள். சீனத்துக்கு உறவான பர்மிய மொழியின் குதிரைச் சொல்லில் அந்த ரகரத்தை இன்றும் எழுதுகிறார்கள். இரண்டும் வேறு வேறு வழியில் வந்து தற்செயலாக ஒலியொத்தவை.

இப்படித் தற்செயலாக நேர்வது நாம் நினைப்பதைவிடச் சாதாரணம். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் பேசப்பட்ட ம்பபரம் மொழியில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்திலிருந்து வாங்கியதல்ல, பக்கத்து மொழியில் ‘குடக’ என்று நிற்கும் சொல்லே அங்கே தேய்ந்து இப்படி ஆனது.

கொரியர் ‘அப்பா’, ‘ஒம்மா’ என்பதைக் கேட்டு இரு மொழிக்கும் உறவு சொல்வதும் இதே வகைதான். குழந்தை வாயில் உதடு சேர்ந்து எழும் ம, ப ஒலிகள் முதலில் வருகின்றன, பெற்றோர் அவற்றைத் தங்கள் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1960-இல் வெளியான கட்டுரையில் இதை விளக்கினார். எது யாருக்கு என்பதும் உறுதியில்லை: ஜார்ஜிய மொழியில் ‘மமா’ என்றால் அப்பா, ‘டெடா’ என்றால் அம்மா.

சரி, உறவை எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டு, ஒரே மாற்றம் பல சொற்களில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு; அதேபோல் பல் – ஹல்லு, புலி – ஹுலி, பத்து – ஹத்து, பாம்பு – ஹாவு. பழங்கன்னடத்தில் இவையெல்லாம் பகரத்தில்தான் தொடங்கின. ‘செவி’யும் கன்னடத்துக் ‘கிவி’யும் இன்னொரு ஒழுங்கு, அதே வழியில்தான் நம் ‘சேரி’க்கு அங்கே ‘கேரி’ நிற்கிறது.