ஜிடிபி-யிலேயே வழு இருந்தால்: கண்டுபிடித்துத் திருத்தும் முறை

நிரல்களில் வழு (பக்) தேட உதவும் ஜிடிபி (GDB) டிபகரே தவறாக எதையாவது காட்டினால், அதன் சோர்ஸைத் திறப்பதற்கு முன் குற்றவாளி ஜிடிபி-தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். -என்எக்ஸ் ஆப்ஷனோடு ஓட்டினால் உங்கள் சொந்த அமைப்புகள் உள்ள .ஜிடிபிஇனிட் கோப்பு ஏறாது. பல வழுக்கள் இங்கேயே மறைந்துவிடும். மாறியின் மதிப்புக்குப் பதில் "ஆப்டிமைஸ்டு அவுட்" என்று வந்தால், ரீட்எல்ஃப் கருவி கொண்டு டுவார்ஃப் தகவலை (கம்பைலர் டிபகருக்காக எழுதிவைக்கும் குறிப்புகளை) படியுங்கள். நிரல் நின்ற முகவரிக்கு அந்த மாறியின் இருப்பிடத்தைக் கம்பைலரே எழுதவில்லை என்றால், ஜிடிபி சொன்னது சரி. வழுவைக் கம்பைலர் குழுவிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

பில்டை சோர்ஸுக்குள் செய்யாதீர்கள், தனி அடைவு வையுங்கள். அதே ரெப்போவில் பைன்யூட்டில்ஸும் (பைனரி கருவிகளின் தொகுப்பு) இருப்பதால், பில்டைத் தயார்செய்யும் கான்ஃபிகரில் லிங்கர், அசெம்பிளர், சிமுலேட்டர் ஆகியவற்றை டிசேபிள் செய்தால் நேரம் மிச்சம். ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர் நூலகங்களின் டெவ் பேக்கேஜ்கள் தேவை. சி++ ஃபிளாகில் -ஜி3 -ஓ0 (முழு டிபக் தகவல், ஆப்டிமைசேஷன் இல்லை) கொடுங்கள். இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டும்போது டேட்டா-டைரக்டரி ஆப்ஷனில் பில்டுக்குள் உள்ள அடைவைக் காட்டவேண்டும். மறந்தால் பைத்தான் மாட்யூல் கிடைக்கவில்லை என்று எச்சரிக்கை வரும், பைத்தான் சார்ந்த வசதிகள் வேலை செய்யாது.

திருத்துவதற்கு முன் டெஸ்ட் எழுதுங்கள். திருத்தம் இல்லாமல் அது தோற்பதைக் கண்ணால் பார்க்கவில்லை என்றால் அந்த டெஸ்டுக்கு மதிப்பே இல்லை. ஜிடிபி-யின் டெஸ்ட்சூட் டெஜாக்னு என்ற டெஸ்ட் கருவியின் மேல் ஓடுகிறது: ஒரு சிறு சி நிரல், அதே பெயரில் டெஸ்ட் கட்டளைகள் உள்ள ஒரு .எக்ஸ்ப் கோப்பு. அதில் ஜிடிபி_டெஸ்ட் என்ற கட்டளைக்கு எதிர்பார்க்கும் விடையை ரெகெக்ஸாக (தேடல் வடிவமாக) தருகிறோம். அதன் முடிவில் பிராம்ப்ட் (ஜிடிபி அடுத்த கட்டளைக்குக் காத்திருப்பதைக் காட்டும் குறி) தானாகச் சேர்க்கப்படும், தொடக்கமோ கட்டப்படாமல் இருக்கும். அதனால் வெறும் "5" என்று எழுதினால் 15 வந்தாலும் பாஸ் ஆகிவிடும். " = 5" என்று எழுதுவதே வழக்கம். முன்னால் வரும் டாலர் எண் ($1, $2 போன்றது) ஒவ்வொரு பிரிண்டுக்கும் மாறும், அதைச் சேர்க்காதீர்கள். ஃபெயிலோடு டைம்அவுட் என்றும் வந்தால், விடை பொருந்தாதது மட்டுமல்ல, பிராம்ப்டே திரும்பவில்லை என்று பொருள். ஜிடிபி.லாக்-ஐத் திறந்து கடைசியாக எது அச்சானது என்று பாருங்கள்.

அடுத்து, வழு எந்த அடுக்கில் என்பது. நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை, ஸ்டெப் தாண்டிப் போகிறது என்றால் நிரலை ஓட்டுவதையும் நிறுத்துவதையும் கவனிக்கும் இன்ஃப்ரன்.சி பக்கம் போங்கள். "செட் டிபக் இன்ஃப்ரன் ஆன்" போட்டால் ஒவ்வொரு நிகழ்வையும் அது எப்படிக் கையாண்டது என்று வரிவரியாகத் தெரியும். பிரேக்பாயிண்ட் தவறான முகவரியில் விழுந்தால் "மெயின்ட் இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்" என்று கேளுங்கள். ஜிடிபி உள்ளுக்குள் தனக்காக வைத்திருப்பவையும் பட்டியலில் வரும். டைப், பெயர், ஸ்கோப் குழப்பம் என்றால் பெரும்பாலும் டுவார்ஃப் தகவலைப் படிக்கும் டுவார்ஃப்2 அடைவுதான்.

அதற்கும் பிடிபடாவிட்டால் ஜிடிபி-யை ஜிடிபி-யால் பிடியுங்கள்: வெளி ஜிடிபி, வழு உள்ள உள் ஜிடிபி-யை ஓட்டும். பில்டோடு வரும் ஸ்கிரிப்ட் ஏறியதும் வெளி ஜிடிபி-யின் பிராம்ப்ட் "டாப்-ஜிடிபி" என்று மாறும், இன்டர்னல் எரர் வரும் இடத்தில் தானே நிற்கும். ஆட்டோ-லோடு சேஃப்-பாத்தில் (தானாக ஏற்ற அனுமதித்த அடைவுகளின் பட்டியல்) பில்டு அடைவு இல்லையென்றால் ஸ்கிரிப்ட் ஏறாது. உள் ஜிடிபி பிராம்ப்டில் காத்திருக்கும்போது கண்ட்ரோல்-சி அழுத்தினால் வெளி ஜிடிபி-க்கு வருவீர்கள். அந்த இன்டரப்ட் உள்ளே போகவேண்டுமென்றால் "சிக்னல் சிக்இன்ட்" கொடுங்கள்.

திருத்திய பின் முழு டெஸ்ட்சூட்டையும் ஓட்டி, திருத்தத்துக்கு முன் எடுத்த ஜிடிபி.சம் (டெஸ்ட் முடிவுகள்) கோப்போடு டிஃப் பாருங்கள். உங்கள் திருத்தம் இல்லாத சுத்தமான மாஸ்டர் கிளையிலும் சில டெஸ்டுகள் தோற்கும், ஆகவே மொத்த ஃபெயில் எண்ணிக்கை ஒன்றும் சொல்லாது. டிஃபில் புதிதாக வந்ததை மட்டும் தனியாக மறுபடி ஓட்டுங்கள். சில டெஸ்டுகள் ஒருமுறை பாஸ், ஒருமுறை ஃபெயில் என்று ஊசலாடும். நேட்டிவ்-ஜிடிபிசர்வர் போர்டிலும் (ஜிடிபிசர்வர் வழியாக ரிமோட் போல ஓட்டும் டெஸ்ட் அமைப்பு) ஒருமுறை ஓட்டுங்கள். நேரடியாக ஓடும்போது சரியாக இருப்பது ரிமோட்டில் உடைவது அடிக்கடி நடக்கும்.

பேட்ச்சை கிட் சென்ட்-இமெயில் வழியாக அனுப்புங்கள். கமிட் செய்தியில் பழைய நடத்தை, அதன் காரணம், திருத்தம் மூன்றும் இருக்கட்டும். கடைசியில் "பக்:" வரியில் சோர்ஸ்வேர் பக்ஜில்லாவில் (வழுப் பதிவேடு) அந்த வழுவின் முகவரி. சுமார் 15 வரிக்கு மேற்பட்ட மாற்றம் என்றால் எஃப்எஸ்எஃப்-க்கு (ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்) பதிப்புரிமை ஒப்படைக்கும் தாள்கள் தேவைப்படும். அதற்கு நாளாகும், எனவே வேலையைத் தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.