இலையுதிர் கால ஹோலோ பாலிஷ்: ஸ்வாட்ச் போட்டு ரிவ்யூ எழுதுவது எப்படி?

வெளிச்சம் பட்டால் வானவில் காட்டும் ஹோலோகிராஃபிக் பாலிஷைத்தான் சுருக்கமாக ஹோலோ என்கிறோம். ஹோலோ நெயில் பாலிஷ் ரிவ்யூ என்று தேடினால் வருவதெல்லாம் வெயிலில் எடுத்த படங்கள்தான். வானவில் பளீரென்று தெரியும், பார்த்ததும் வாங்கத் தோன்றும். ஆனால் வாங்கியவர் அந்தப் பாலிஷை அறைக்குள்ளும் நிழலிலும்தான் அதிக நேரம் பார்க்கப்போகிறார். அங்கே அது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

இலையுதிர் கால நிறங்களில் இது பெரிய குறை. அரக்கு, செங்கல், கடுகு மஞ்சள், பாசிப் பச்சை, காப்பி நிறம் எல்லாவற்றுக்கும் அழகே அவற்றின் ஆழம்தான். ஹோலோ துகள் அந்த ஆழத்தைத்தான் முதலில் பதம் பார்க்கும். அதனால் நான் ஸ்வாட்ச் போடும், அதாவது நிறத்தைக் காட்ட நகத்தில் பூசிப் படம் எடுக்கும் முறையில் நிழல் முதலில், வெயில் அப்புறம். புதிதாகத் தொடங்குகிறவர்களும் இந்த வரிசையில் பழகிக்கொண்டால் நல்லது.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது

வானவில்லைக் காட்டுவது சாயம் இல்லை, மிக மெல்லிய உலோகத் துகள்கள். ஒவ்வொரு துகளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நெருக்கத்தில் வரிவரியாகக் கோடுகள் பதிந்திருக்கும். வெளிச்சம் அந்தக் கோடுகளில் படும்போது ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு கோணத்தில் பிரிந்து வெளியே வருகிறது. சிடியின் அடிப்பக்கத்தில் வானவில் தெரிவதும் இதே காரணத்தால்தான். இந்த வகையில் பேர் பெற்ற நிறமி ஸ்பெக்ட்ராஃப்ளேர். அலுமினியத்தின் இரு பக்கமும் மெக்னீசியம் ஃப்ளோரைடு படிய வைத்துச் செய்தது. துகள் பெரிதாக இருந்தால் வானவில் பலமாக எரியும், சின்னதாக இருந்தால் பரப்பு வழவழப்பாக இருக்கும்.

ஹோலோவில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். நகத்தின் வளைவோடு பட்டை பட்டையாக வானவில் ஓடினால் அது லீனியர். ஒழுங்கில்லாமல் புள்ளி புள்ளியாக மின்னினால் ஸ்கேட்டர்டு. இரண்டும் கலந்தும் வரும். விற்கிறவர்கள் எல்லாவற்றையும் பொதுவாக ஹோலோ என்றே எழுதிவிடுவார்கள், எந்த வகை என்று பார்த்துச் சொல்வது ரிவ்யூ எழுதுகிறவரின் வேலை.

இப்போது நிறத்துக்கு வருவோம். ஹோலோ துகளின் சொந்த நிறம் வெள்ளி. அரக்கு நிறத்தில் வெள்ளியைக் கலந்தால் என்ன ஆகும்? கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி, சில சமயம் ரோஜா நிறத்துக்குப் பக்கமாகப் போய்விடும். அசல் சிவப்பாக இருந்துகொண்டு பலமான லீனியரும் காட்டும் பாலிஷ் அரிதாக இருப்பதற்கு இதுதான் காரணம். துகள் கூடக்கூட வானவில் கூடும், நிறம் வெளுக்கும். இந்த இரண்டையும் எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் பாலிஷ் செய்பவரின் கைத்திறமை தெரிகிறது.

இன்னொரு விஷயம், இதை உங்கள் கையிலேயே பார்த்துக்கொள்ளலாம். லீனியர் ஹோலோ போட்ட விரலை வெயிலில் நீட்டுங்கள். வெளிச்சம் நேராகத் தெறிக்கும் வெள்ளிக் கோட்டை ஒட்டி ஊதாவும் நீலமும் இருக்கும், அதைத் தாண்டிப் பச்சை, மஞ்சள், கடைசியில் சிவப்பு. வெள்ளி நிற பாலிஷில் எல்லாம் முழுசாகத் தெரியும். கடுகு மஞ்சளில் அந்த ஊதா, நீலப் பகுதி மங்கிப்போயிருக்கும், ஏனென்றால் மஞ்சள் சாயம் நீல வெளிச்சத்தை விழுங்கிவிடுகிறது. மஞ்சள் ஹோலோவில் நீலம் குறைவாகத் தெரிந்தால் அதைத் தயாரிப்பின் குறையாக எழுதாதீர்கள். அது அந்த நிறத்தின் இயல்பு.

எதை வாங்குவது

சின்ன அளவில் தாங்களே கலந்து விற்கும் இண்டி பிராண்டுகள்தான் ஹோலோவில் அதிகம் துணிந்து விளையாடுகின்றன. அமெரிக்காவின் ஐஎல்என்பி, கேபிஷிம்மர், சர்க் கலர்ஸ், ஆஸ்திரேலியாவின் பிக்சர் பாலிஷ், இங்கிலாந்தின் ஏ இங்லண்ட் என்று நல்ல பெயர்கள் இருக்கின்றன. 2019-ல் கனடாவில் தொடங்கிய ஹோலோ டாக்கோவுக்குப் பெயரிலேயே ஹோலோ இருக்கிறது.

முதல் தடவை மூன்று பாட்டில் போதும். ஒரு அடர் நிறம், ஒரு வெளிர் நிறம், ஒரு பச்சை. அரக்கு, கடுகு மஞ்சள், பாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும், அதிலேயே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

படி 1: நகத்தைத் தயார் செய்வது

பழைய பாலிஷை நன்றாக எடுத்துவிட்டு, கை கழுவித் துடைத்து, நகத்தின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் ரிமூவரால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். ஹோலோ பரப்பு கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் நகத்தின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். நகத்தில் வரிகள் இருந்தால் அவற்றை நிரப்பும் ரிட்ஜ் ஃபில்லர் வகை பேஸ் கோட் (நிறத்துக்கு முன் போடும் அடிப்பூச்சு) போடுங்கள்.

பேஸ் கோட்டைத் தவிர்க்கவே கூடாது. அரக்கும் அடர் பச்சையும் நகத்தில் கறை விடக்கூடியவை. இவற்றுக்கு இரண்டு பூச்சு பேஸ் கோட் போடுவது நல்லது.

படி 2: பாட்டிலைக் கலக்குவது

துகள்கள் கனமானவை, நின்றிருந்தால் அடியில் தங்கும். பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் கலக்கலாம். உள்ளே ஸ்டீல் குண்டுகள் இருந்தால் அவை உருளும் சத்தம் கேட்கும். அடியில் வெள்ளிப் படலம் மிச்சமில்லாமல் கலந்துவிட்டதா என்று பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்.

பாலிஷ் கெட்டியாகிப் போயிருந்தால் பாலிஷ் தின்னர் இரண்டு சொட்டு விடலாம். ரிமூவரோ அசிட்டோனோ விடவே கூடாது, கலவையே உடைந்துபோகும்.

படி 3: பூசுவது

ஹோலோவின் அழகு துகள்கள் எவ்வளவு படிந்து, தட்டையாகப் படுத்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. மெல்லிய பூச்சு காயும்போது படலம் சுருங்கித் துகள்களைக் கிடைமட்டமாக அமுக்கும். தடிமனாகப் போட்டால் அவை தாறுமாறாக நிற்கும், வானவில் கலைந்துவிடும். அதனால் தடிமனான ஒன்றைவிட மெல்லிய மூன்று மேல்.

பிரஷ்ஷின் ஒரு பக்கத்தைப் பாட்டில் வாயில் வழித்துவிட்டு, நகக்கண்ணுக்குச் சற்று மேலே ஒரு சொட்டை வையுங்கள். பிரஷ்ஷால் அதைப் பின்னோக்கி லேசாகத் தள்ளி, அப்படியே நுனி வரை ஒரே இழுப்பாக இழுங்கள். அப்புறம் இடது ஓரம், வலது ஓரம். அவ்வளவுதான், கையை எடுத்துவிடுங்கள். காய்ந்துகொண்டிருக்கும் பாலிஷ் மேல் திரும்பத் திரும்பத் தேய்த்தால் துகள்கள் இழுபட்டு வெறும் பட்டையாகத் தெரியும். வழுக்கை விழுந்த இடம் இருந்தால் அடுத்த பூச்சில் சரியாகிவிடும்.

ஒவ்வொரு பூச்சும் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயட்டும். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு படம் எடுத்துவையுங்கள். எத்தனையாவது பூச்சில் நகத்தின் வெள்ளை நுனி முழுசாக மறைந்தது என்று வாசிப்பவர் கட்டாயம் கேட்பார். கடுகு மஞ்சளுக்கு மூன்று தேவைப்படலாம், அடர் அரக்கு இரண்டிலேயே மூடிவிடும்.

ஓரத்தில் வழிந்ததைத் தட்டையான சின்ன பிரஷ்ஷை அசிட்டோனில் தோய்த்துத் துடைத்துவிடலாம். அசிட்டோன் சுலபமாகத் தீப்பற்றும், ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்கும் விளக்குக்கும் தள்ளி உட்காருங்கள்.

படி 4: டாப் கோட்டுக்கு முன்னும் பின்னும்

நிறத்துக்கு மேல் கடைசியாகப் போடும் பூச்சுதான் டாப் கோட். சில டாப் கோட்டுகள் ஹோலோவை மங்கச் செய்துவிடும். மேலே வரும் கரைப்பான் அடியில் இருக்கும் படலத்தை இளக்கினால் துகள்கள் நகர்ந்துவிடுகின்றன, காரணம் அதுதான். எனவே பாலிஷ் நன்றாகக் காய்ந்த பிறகே டாப் கோட் போடுங்கள். பிரஷ்ஷில் தாராளமாக எடுத்து, பிரஷ் நகத்தில் உரசாமல் அந்தத் துளியை மட்டும் இழுத்துச் செல்லுங்கள்.

நான் விடாமல் செய்யும் ஒரு காரியம்: மோதிர விரலை மட்டும் டாப் கோட் இல்லாமல் விட்டுவிடுவேன். ஒரே கையில், ஒரே வெளிச்சத்தில், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். மங்கியதா இல்லையா என்று பத்து வரி எழுதுவதைவிட இந்த ஒரு படம் நன்றாகச் சொல்லிவிடும்.

படி 5: படம் எடுப்பது

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும்.

முதல் படம் நிழலில். வெயில் நேராக விழாத ஜன்னலோரம் சரியான இடம். பரவலான வெளிச்சத்தில் எல்லாப் பக்கமிருந்தும் வரும் வானவில்கள் ஒன்றோடொன்று கலந்து காணாமல் போய்விடும், மிஞ்சுவது பாலிஷின் அடிப்படை நிறம். அரக்கு அரக்காகவே நிற்கிறதா, சாம்பல் பூத்துவிட்டதா என்பது இங்கே தெரிந்துவிடும். வெயிலில் கண்ணைப் பறித்த ஒரு பாசிப் பச்சை நிழலில் வெறும் ஈயப் பாத்திர நிறத்தில் கிடக்கலாம். சிலருக்கு அந்த மங்கல் பிடிக்கும், எனக்கும் சில நாள் பிடிக்கும். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது வெயிலில். சூரியன் ஒற்றைப் புள்ளியாக இருந்து வெளிச்சம் தருவதால் வானவில் கூர்மையாக விழும். விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பட்டை எங்கே முழுசாகத் தெரிகிறதோ அங்கே நிறுத்துங்கள். மழை மூட்டமாக இருந்தால் ஃபோனின் டார்ச்சைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் போதும், அதுவும் புள்ளி வெளிச்சம்தான். ரிங் லைட் வேண்டாம். அகலமான வெளிச்சம் என்பதால் ஹோலோவை அமுக்கிவிடும்.

மூன்றாவது வேண்டுமென்றே ஃபோகஸ் கலைத்த படம். நகம் மங்கலாகும், புள்ளிகளும் பட்டைகளும் பெரிதாக விரியும். லீனியரா ஸ்கேட்டர்டா என்று இதில் பளிச்சென்று பிரிந்து தெரியும். ரிவ்யூவில் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

கேமரா செய்யும் குளறுபடி ஒன்று இருக்கிறது. அடர் நிறத்தைப் பார்த்ததும் ஃபோன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும், அரக்கு வெளிறிப்போகும். திரையில் நகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். கடுகு மஞ்சளில் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பு) மாறிக்கொண்டே இருக்கும், ஃபோனில் ப்ரோ மோடு இருந்தால் அதையும் நிலையாக வைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள், தாள் படத்திலும் வெள்ளையாகவே தெரிந்தால் நிறம் சரி. காய்ந்த இலை, ஆரஞ்சுத் துணி எல்லாம் பின்னணிக்கு அழகுதான், ஆனால் அவற்றின் நிறம் பாலிஷில் பிரதிபலிக்கும். நிறம் காட்டும் படத்துக்குச் சாம்பலோ வெள்ளையோ போதும்.

தோல் நிறத்தையும் குறிப்பிடுங்கள். வெளிர் தோலில் எடுத்த படங்கள்தான் அதிகம் கிடைக்கின்றன. மாநிறக் கையில் கடுகு மஞ்சள் இன்னும் எடுப்பாக நிற்கும், தோலுக்கு நெருங்கிய காப்பி நிறம் அடங்கிப் போகும். மாநிறமோ கருநிறமோ, அந்தக் கையில் எடுத்த ஒரு ஸ்வாட்ச் எத்தனையோ பேருக்கு உண்மையாகவே உதவும்.

படி 6: ஸ்டிக்கில் ஒரு பிரதி

அதே பாலிஷைப் பிளாஸ்டிக் ஸ்வாட்ச் ஸ்டிக் ஒன்றிலும் பூசி, பின்னால் பிராண்ட், பெயர், பூச்சு எண்ணிக்கை எழுதிவையுங்கள். அடுத்த வருஷம் இன்னொரு அரக்கு வரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். இண்டி பாலிஷ்கள் சின்னத் தொகுதிகளாகக் கலக்கப்படுவதால் ஒரே பெயரில் வந்தாலும் தொகுதிக்குத் தொகுதி நிறம் கொஞ்சம் மாறும், அப்போது இந்த ஸ்டிக்தான் சாட்சி.

படி 7: எழுதுவது

அழகாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. எத்தனை பூச்சில் மூடியது, நீர்க்க இருந்ததா கெட்டியா, காய்ந்த பிறகு பரப்பு வழவழப்பா சொரசொரப்பா, டாப் கோட் எதைப் போட்டீர்கள், நிழலில் என்ன நிறம், வெயிலில் வானவில் எவ்வளவு பலம். இவ்வளவும் வந்துவிட்டால் அது ரிவ்யூ. பாட்டில் இலவசமாக வந்தது என்றால் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

லேபிளில் இருக்கும் 3-ஃப்ரீ, 5-ஃப்ரீ பற்றியும் ஒரு வரி போடலாம். டொலுவீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் மூன்றும் இல்லை என்பது 3-ஃப்ரீ. அதோடு ஃபார்மால்டிஹைடு ரெசினும் கற்பூரமும் இல்லை என்றால் பொதுவாக 5-ஃப்ரீ என்பார்கள். அதற்கு மேல் போகும் எண்களுக்கு எல்லாருக்கும் பொதுவான பட்டியல் கிடையாது, ஆகவே பெரிய எண் போட்ட பாட்டில் இன்னும் பாதுகாப்பானது என்று எழுதிவிடாதீர்கள்.

ரிவ்யூவை வெளியிடும் முன் பாலிஷைச் சில நாள் கையிலேயே விட்டு, வழக்கமான வேலைகளைச் செய்து, நுனி எப்போது தேய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போதும் கவனியுங்கள். வெறும் லீனியர் ஹோலோ பஞ்சில் சுலபமாக வந்துவிடும். பெரிய கிளிட்டர் கலந்தது என்றால் ரிமூவர் பஞ்சை நகத்தில் வைத்து அலுமினியத் தாளால் சுற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டியிருக்கும். பேஸ் கோட்டையும் மீறி நகம் மஞ்சளித்திருந்தால் அந்த வெறும் நகத்தையும் ஒரு படம் எடுத்து ரிவ்யூவில் சேர்த்துவிடுங்கள்.