இரு பரிமாண ஸ்பின் கிளாஸைக் குளிர்விக்க

ப்ராஜெக்டுக்கு வரும் எம்.எஸ்சி. பிள்ளைகள் வழக்கமாகச் செய்வது இதுதான்: சதுரக் கட்டத்தில் ஸ்பின் கிளாஸின் எட்வர்ட்ஸ்–ஆண்டர்சன் மாதிரியை (இடத்துக்கு ஒரு ஸ்பின், +1 அல்லது −1; அண்டை ஸ்பின்களுக்கு நடுவே தாறுமாறான பிணைப்புகள்) எழுதுவார்கள், மெட்ரோபோலிஸில் (ஒவ்வொரு ஸ்பினாகப் புரட்டிப் பார்த்து, ஆற்றல் கூடினால் வெப்பநிலையைப் பொறுத்த வாய்ப்பில் மட்டும் ஏற்கும் முறை) வெப்பநிலையை 0.2 என்று வைப்பார்கள், ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று போய்விடுவார்கள். காலையில் ஆற்றல் கோடு அழகாகத் தட்டையாக இருக்கும். அது சமநிலை அல்ல, உறைந்துபோனது. பிணைப்புகள் +1, −1 என்றால் ஒரு ஸ்பினைப் புரட்டும்போது ஆற்றல் 0, 4, 8 என்ற அளவுகளில்தான் மாறும். 0.2 வெப்பநிலையில் அந்த 4-ஐ ஏறிக் கடக்கும் வாய்ப்பு சுமார் ஐம்பது கோடியில் ஒன்று.

சரி, வேறு வழி. பிணைப்புகளைக் காஸியன் (மணிவடிவ) பரவலில் எடுங்கள்; ஏன் என்பது பின்னால் வரும். சராசரி 0, மாறுபாடு 1. 2-இலிருந்து 0.2 வரை வெப்பநிலை வரிசை ஒன்று வையுங்கள். ஒவ்வொரு வெப்பநிலையிலும் அதே பிணைப்புகளோடு இரண்டு பிரதிகள் (தனித்தனி ஸ்பின் அமைப்புகள்) ஓடட்டும். பக்கத்துப் பக்கத்து வெப்பநிலைகளில் இருக்கும் ஸ்பின் அமைப்புகளை அவ்வப்போது இடமாற்றிப் பாருங்கள் (ஹுகுஷிமா, நெமோட்டோ, 1996). எங்காவது இடமாற்றம் அரிதாகிப் போனால் நடுவில் இன்னொரு வெப்பநிலையைச் செருகுங்கள்.

இரு பரிமாணத்துக்கென்றே வாய்த்த வரம் 2001-இல் ஹூடேயர் சொன்ன கொத்து நகர்வு. இரு பிரதிகளின் ஸ்பின்களையும் இடத்துக்கு இடம் பெருக்குங்கள். −1 வரும் ஓர் இடத்தைத் தேர்ந்து, அதோடு ஒட்டியிருக்கும் −1 இடங்கள் எல்லாவற்றையும் இரு பிரதிகளிலும் புரட்டுங்கள். இரண்டின் மொத்த ஆற்றல் மாறாது, அதனால் நிராகரிப்பே கிடையாது. −1 பாதிக்கு மேல் இருந்தால் முதலில் ஒரு பிரதியை முழுதாகப் புரட்டிவிடுங்கள். சதுரக் கட்டத்தில் கொத்து கட்டம் முழுக்கப் பரவ −1 இடங்களின் பங்கு 0.593 ஆக வேண்டும். பாதிக்குள் நின்றால் கொத்துகள் கைக்கடக்கமாகவே இருக்கும். முப்பரிமாணத்தில் அந்த வரம்பு 0.312 என்பதால் இந்த வித்தை எடுபடாது.

சமநிலை வந்ததா என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். காஸியன் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்: ஒரு ஸ்பினுக்கான ஆற்றலின் அளவை வெப்பநிலையால் பெருக்கி, 2-ஆல் வகுத்து, 1-இலிருந்து கழித்தால், பல பிணைப்புத் தொகுதிகளின் சராசரியில், பிரதிகளுக்கு இடையிலான பிணைப்பு ஒற்றுமை (ஒவ்வொரு பிணைப்பின் இரு முனை ஸ்பின்களின் பெருக்கல் இரு பிரதிகளிலும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதன் சராசரி) கிடைக்க வேண்டும். ஓட்டம் நீள நீள, இந்த இரண்டு எண்களில் ஒன்று மேலிருந்தும் மற்றது கீழிருந்தும் வந்து ஒட்டும். ஒட்டாதவரை எந்த எண்ணையும் எழுதிவைக்காதீர்கள்.

ஒட்டிய பிறகும் ஒரு கண்ணி உண்டு. 16-க்கு 16 கட்டம் குளிர்ந்ததும் ஒழுங்குநிலைக்கு வந்துவிட்டது போலவே தெரியும். நிலைமாற்றம் கண்டுபிடித்துவிட்டோம் என்று குதிக்க வேண்டாம். இந்த மாதிரியில் நிலைமாற்றம் சுழிய வெப்பநிலையில்தான். தொடர்பு நீளம் (ஸ்பின்கள் ஒன்றையொன்று பொறுத்து நிற்கும் தூரம்) கட்டத்தைவிடப் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். கட்டத்தின் பக்க நீளத்தை இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டுங்கள்.