இலையுதிர் காலப் பழங்களில் வீட்டிலேயே இனிப்பு செய்யும் முறை

கோடைப் பழங்களை நறுக்கிக் கிண்ணத்தில் வைத்தாலே போதும். இலையுதிர் காலத்தில் வருபவை பெரும்பாலும் அடுப்பைக் கேட்பவை. ஆப்பிள், பேரிக்காய், பரங்கிக்காய், குயின்ஸ் (பேரிக்காயை ஒத்த, கடினமான மஞ்சள் பழம்), பெர்சிமன் (தக்காளிபோலத் தோன்றும் ஆரஞ்சு நிறப் பழம்), அத்தி, வால்நட் என அந்தப் பருவத்தில் கிடைப்பவற்றுள் பல, வெந்த பிறகுதான் தம் மணத்தை முழுவதும் வெளிவிடுகின்றன. ஆனால் அவற்றில் செய்யும் இனிப்பு கெட்டுப்போனால், சர்க்கரை கூடியதோ குறைந்ததோ காரணமாக இருப்பது அரிது. பழத்திலிருந்து இறங்கும் நீரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாததே வழக்கமான காரணம். ஆப்பிளின் எடையில் ஏறக்குறைய 85 விழுக்காடும், பரங்கிக்காயின் எடையில் 90 விழுக்காட்டுக்கு மேலும் நீர்தான். அந்த நீரை எப்போது வடிப்பது, எப்போது வற்றவிடுவது, எப்போது அப்படியே விட்டுவைப்பது என்பது பிடிபட்டால் செய்முறைக் குறிப்பு இல்லாமலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் ஆப்பிள் கிரம்பிளைப் பார்ப்போம். நறுக்கிய பழத்தின் மேல் மாவும் வெண்ணெயும் சேர்ந்த உதிரியைப் பரப்பிச் சுடும் எளிய பண்டம் இது. ஒரே வகை ஆப்பிளை மட்டும் பயன்படுத்துவதைவிட இரண்டு வகைகளைக் கலப்பது நல்லது. கிரானி ஸ்மித் போன்ற புளிப்பு வகை வெந்தாலும் துண்டாகவே நிற்கும். மெக்கின்டாஷ் போன்றது குழைந்து கூழாகிவிடும். முன்னது மூன்று பங்கும் பின்னது ஒரு பங்குமாக எடுத்தால், துண்டுகளுக்கு இடையே குழம்பு தானாகவே உருவாகும். கைக்குக் கிடைத்த ஆப்பிள் எந்த வகை என்று தெரியாவிட்டால், ஒரு துண்டைச் சிறிது நீரில் பத்து நிமிடம் வேகவைத்துப் பார்த்தால் அதன் குணம் தெரிந்துவிடும்.

ஒரு கிலோ ஆப்பிளைத் தோல் சீவி, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 70 கிராம் சர்க்கரையும் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் பிசறி அரைமணி நேரம் வைக்க வேண்டும். பழம் மிகவும் இனிப்பாக இருந்தால் சர்க்கரையில் 20 கிராம் குறைத்துக்கொள்ளலாம். ஆகவே நறுக்கும்போதே ஒரு துண்டைச் சுவைத்துப் பார்ப்பது அவசியம். அரைமணி கழித்துப் பாத்திரத்தின் அடியில் தேங்கியிருக்கும் சாற்றை வடித்து, சிறிய வாணலியில் பாதியாகும் வரை கொதிக்கவைத்து, திரும்பப் பழத்தின் மேல் ஊற்ற வேண்டும். பல குறிப்புகள் இந்தப் படியை விட்டுவிட்டு, இரண்டு கரண்டி சோளமாவைத் தூவச் சொல்கின்றன. அதிலும் குழம்பு கெட்டிப்படும் என்பது உண்மைதான். ஆனால் சாற்றைச் சுண்டவைப்பதில் வரும் செறிந்த பழச்சுவை மாவால் வராது.

மேல் உதிரிக்கு எடையளவில் இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு வெண்ணெய், ஒரு பங்கு சர்க்கரை என்பது மறக்க முடியாத கணக்கு. ஒரு கிலோ பழத்துக்கு 200, 100, 100 கிராம் சரியாக இருக்கும். குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, ஒரு சிட்டிகை உப்புடன் மாவில் போட்டு, விரல் நுனிகளால் மட்டும் தேய்த்து உதிர்க்க வேண்டும். உள்ளங்கை பட்டால் வெண்ணெய் உருகி மாவு பிசைந்த உருண்டையாகிவிடும். நான் முதன்முறை செய்தபோது சப்பாத்தி மாவு பிசைந்த பழக்கத்தில் அழுத்திப் பிசைந்துவிட்டேன். வெந்து வந்தது ஓடு போன்ற ஒரே தகடு. கரண்டி உள்ளே இறங்கவில்லை. அவலும் பட்டாணியும் கலந்ததுபோல் சிறிதும் பெரிதுமாக உதிரி இருக்கும்போது நிறுத்திக்கொள்ள வேண்டும். நறுக்கிய வால்நட் 60 கிராம் சேர்ப்பதானால் இந்தக் கட்டத்தில் சேர்க்கலாம். ஆனால் முதலில் ஒரு பருப்பை மென்று பாருங்கள்: வால்நட்டின் எண்ணெய் விரைவில் சிக்கு வாசம் பிடிப்பது, அந்த ஒரு வாசமே மொத்தப் பண்டத்தையும் கெடுத்துவிடும்.

ஓவனை 180 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்கி, 40 முதல் 45 நிமிடம் சுட வேண்டும். மேற்பரப்பு பொன்னிறமாவதைப் பார்த்து எடுத்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பார்க்க வேண்டியது பாத்திரத்தின் ஓரத்தை. தொடக்கத்தில் அங்கே எழும் குமிழிகள் சிறியவையாக, நீர் கொதிப்பதுபோல் விரைந்து வெடிக்கும். நேரம் ஆக ஆக அவை பெருத்து, பாகு கொதிக்கும்போது எழுவதுபோல் மெல்ல உப்பி, ‘பொளக்’ என்று அமிழும். அந்த மந்தமான குமிழி வந்த பிறகே எடுக்க வேண்டும். அதற்குள் மேற்பரப்பு கருகும்போலிருந்தால் ஓர் அலுமினியத் தாளை மேலே மூடலாம். எடுத்தவுடன் பரிமாறாமல் இருபது நிமிடம் ஆறவிட்டால் குழம்பு இறுகும்.

பரங்கிக்காயில் நீர்ச் சிக்கல் இன்னும் பெரிது. பார்வைக்கு அழகாக இருக்கும் மிகப் பெரிய காய்கள் பெரும்பாலும் நாரும் நீருமாகவே இருக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும் சிறிய காயே இனிப்புக்கு ஏற்றது. அதை ஒருபோதும் நீரில் வேகவைக்கக் கூடாது. இரண்டாகப் பிளந்து, விதையை வழித்தெடுத்து, வெட்டிய முகம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து, 200 டிகிரியில் கத்தி தடையின்றி இறங்கும் வரை, சுமார் 45 முதல் 60 நிமிடம், சுட வேண்டும். சதையைச் சுரண்டி மசித்து, மெல்லிய துணியிட்ட வடிகட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால், கீழே வெளிறிய மஞ்சள் நீர் கணிசமாக இறங்கியிருக்கும். மசியல் கரண்டியிலிருந்து வழியாமல் ‘தொப்’பென்று விழ வேண்டும்; அதுதான் பதம்.

இந்த மசியல் 400 கிராமுடன் மூன்று முட்டை, 250 மில்லி கிரீம், 120 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி பட்டைத்தூள், அரைத் தேக்கரண்டி சுக்குத்தூள், சிறிது துருவிய ஜாதிக்காய் சேர்த்து நுரை வராமல் கலக்கினால் கஸ்டர்டு கலவை தயார். கிராம்புத் தூளைக் கத்தி முனை அளவுக்கு மேல் போட வேண்டாம். சற்றுக் கூடினாலும் பல்வலிக்குத் தடவும் தைலத்தின் நினைவுதான் வரும். கலவையைச் சிறு கிண்ணங்களில் ஊற்றி, அவற்றை ஆழமான தட்டில் அடுக்கி, கிண்ணத்தின் பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றி, 160 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் வைக்க வேண்டும். கிண்ணத்தை மெல்ல அசைத்தால் ஓரம் உறைந்தும் நடு மட்டும் தளதளத்தும் இருக்கும்போதே வெளியே எடுங்கள். நடுவும் இறுகட்டும் என்று காத்திருந்தால் முட்டைப் புரதம் மிகையாகச் சுருங்கி, தான் பிடித்து வைத்திருந்த நீரைக் கக்கிவிடும். அதுவரை வடித்து வைத்த உழைப்பெல்லாம் வீண். உள்ளே இருக்கும் சூடே மீதியை உறையவைக்கும். ஆறிய பின் நான்கு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும்.

பேரிக்காய் உள்ளிருந்து வெளியே பழுக்கும் பழம். ஆகவே வெளிப்புறம் மெத்தென்று ஆகும்போது நடுப்பகுதி பெரும்பாலும் பழுப்பேறிக் குழைந்திருக்கும். காம்பை ஒட்டிய கழுத்தை விரலால் அழுத்திப் பார்த்து, இலேசாக இளகத் தொடங்கியிருந்தால் பாகில் வேகவைக்க எடுத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் நீருக்கு 250 கிராம் சர்க்கரை, ஒரு துண்டு பட்டை, ஒரு கீற்று எலுமிச்சைத் தோல் போதும். தொடக்கத்திலேயே பாகைக் கெட்டியாக வைத்தால் அது பழத்தின் நீரை வெளியே இழுத்துவிடும். பழம் சுருங்கித் தோல்போல் ஆகும். தோல் சீவிய பழங்கள் மிதந்து மேல்பகுதி கறுக்காதிருக்க, பாத்திரத்தின் அகலத்துக்கு வெட்டிய வெண்ணெய்த்தாளை நேரடியாகப் பாகின் மேல் படியவிட்டு, சிறு தீயில் 20 முதல் 30 நிமிடம் வைக்க வேண்டும். இரவு முழுவதும் பாகிலேயே ஊறவிட்டு, மறுநாள் பழத்தை எடுத்துவிட்டுப் பாகை மட்டும் பாதியாகச் சுண்டவைத்து மேலே ஊற்றலாம்.

இதே பாகில் குயின்ஸையும் வேகவைக்கலாம். ஆனால் இங்கே பொறுமை வேண்டும். பச்சையாகக் கடித்தால் வாயைத் துவர்த்து இழுக்கும் இந்தக் கல்போன்ற பழத்தின் வெளிர் மஞ்சள் சதை, இரண்டு மூன்று மணி நேரம் சிறு தீயில் கிடந்தால் இளஞ்சிவப்பாகி, பின் மாதுளைச் சிவப்புக்கு மாறும். துவர்ப்பைத் தரும் பொருள்களே வெப்பத்தில் சிவந்த நிறமிகளாக மாறுகின்றன. நடுத்தண்டையும் விதைகளையும் துணியில் முடிந்து பாகிலேயே போட்டுவைத்தால், அவற்றிலுள்ள பெக்டின் என்னும் உறையவைக்கும் பொருள் இறங்கிப் பாகு ஆறும்போது ஜெல்லியாக உறையும். பழத்தை வெட்டும்போது கத்தி வழுக்கும். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்துக்கொள்ளுங்கள்.

பெர்சிமனுக்கு அடுப்பே வேண்டாம். தட்டையான ஃபூயூ வகையைக் கெட்டியாக இருக்கும்போதே நறுக்கி உண்ணலாம். நுனி கூர்ந்த ஹச்சியா வகையோ, நீர் நிரம்பிய பை போலத் துவண்ட பிறகுதான் வாயில் வைக்கத் தகும். அப்படித் துவண்டதை முழுதாக உறைபெட்டியில் வைத்து, உறைந்தபின் மேல்மூடியைச் சீவிக் கரண்டியால் சுரண்டினால் பழ ஐஸ்போல இருக்கும். அத்தியும் திராட்சையும் பறித்த பின் இனிமை கூடாதவை. ஆதலால் பழுத்ததையே வாங்கி, அத்தியைக் குறுக்கே பிளந்து, தேன் தடவி, 200 டிகிரியில் பத்து நிமிடம் சுட்டால் போதும்.

மீந்த கிரம்பிளைக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம். அதை மைக்ரோவேவில் சூடாக்கினால் பழத்தின் ஆவி மேலேறி உதிரி நமுத்துப்போகும். ஓவனில் 160 டிகிரியில் பதினைந்து நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். சுடாத உதிரியை இரு மடங்காகச் செய்து, பாதியைப் பையில் கட்டி உறைபெட்டியில் போட்டுவைத்தால் இரண்டு மாதம் வரை கெடாது. உருகவிடாமல் அப்படியே பழத்தின் மேல் தூவிச் சுடலாம்.