ஹிக்கின்பாட்டம் எந்த ஊர்? அரிய ஆங்கிலக் குடும்பப் பெயரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னிந்திய ரயில் நிலையங்களில் வண்டிக்குக் காத்திருந்தவர்களுக்கு 'ஹிக்கின்பாதம்ஸ்' என்ற பலகை பழக்கமானது. கடைக்கு என்று யாரோ யோசித்து வைத்த பெயர் அல்ல அது. 1844-இல் சென்னையில் அந்தப் புத்தகக் கடையைத் தொடங்கிய ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதமின் குடும்பப் பெயர். 'ஹிக்கின்பாட்டம்' என்றும் எழுதப்படும் இது இங்கிலாந்திலும் தெருவுக்குத் தெரு கிடைக்கிற பெயர் இல்லை. வடமேற்கில் லங்காஷயர், செஷயர், டெர்பிஷயர் மூன்றும் முட்டிக்கொள்ளும் மலையடிவாரத்தில்தான் இதன் செல்வாக்கு.

இப்படிப்பட்ட பெயர்களின் பூர்வீகம் தேடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் சிலருக்கு சொந்தக் கதை. தேடுகிறவர்கள் வழக்கமாக இடறும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு பெயரில் இருப்பதால் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாரும் முதலில் செய்வது, இன்றைய எழுத்தைப் பார்த்துப் பொருள் சொல்லிவிடுவது. 'பாட்டம்' என்றதும் சிரிப்பு வரும், இங்கிலாந்திலும் அப்படித்தான். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அது பள்ளத்தாக்கின் அடித்தளத்தைக் குறித்த சொல். வட இங்கிலாந்தின் பென்னைன் மலைச் சரிவுகளில் பள்ளத்தாக்குகளுக்குப் பஞ்சமில்லை. அதனால்தான் ராம்ஸ்பாட்டம், லாங்பாட்டம், விண்டர்பாட்டம், ஷஃபிள்பாட்டம் என்று ஒரு பட்டாளமே அந்தப் பக்கத்தில் இருக்கிறது. கேலிக்குப் பயந்துதான் சிலர் 'பாதம்' என்று மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்வதுண்டு. சிலர் அப்படிச் செய்திருக்கலாம். ஆனாலும் 'பாதம்' வடிவம் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல, அதுவும் பழைய உச்சரிப்பிலிருந்து வந்ததுதான்.

ஷஃபிள்பாட்டத்துக்கும் சீட்டுக் கலைப்பதற்கும் சம்பந்தமில்லை. லங்காஷயரின் பரி (Bury) நகருக்குப் பக்கத்திலிருந்த ஷிப்பர்பாட்டம் என்ற இடம் அது. ஆடுகளின் ஓடை ஓடும் பள்ளத்தாக்கு. ராம்ஸ்பாட்டத்தில் இருப்பது ஆட்டுக்கடாவா காட்டுப் பூண்டா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஹிக்கின்பாட்டத்தில் வரும் 'ஹிக்கின்' இன்னும் மோசமான வலை. ரிச்சர்டின் செல்லப் பெயர்களில் ஒன்று ஹிக். அதிலிருந்து ஹிக்கின், ஹிக்கின்ஸ். எனவே 'ஹிக்கினுடைய பள்ளத்தாக்கு' என்று முடிவுகட்டி, அயர்லாந்து ஹிக்கின்ஸ்களோடு உறவும் கொண்டாடுகிறவர்கள் உண்டு. பெயரியல் அகராதிகள் காட்டும் இடம் வேறு: போல்டன் நகரை அடுத்த ஓக்கன்பாட்டம். ஓக் மரங்கள் நின்ற பள்ளம். ஓக்கன் ஈக்கனாகி, இக்கனாகி, முன்னால் ஒரு 'ஹ' ஒட்டிக்கொண்டபின் கேட்டவர் காதில் அது ஹிக்கினாக விழுந்திருக்கிறது.

அகராதியைப் பயன்படுத்தும் முறையும் இங்கே முக்கியம். 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட பிரிட்டிஷ், ஐரிஷ் குடும்பப் பெயர் அகராதியில் 45,000-க்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. பலர் அதில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பொருளைவிட அதன் கீழே வரும் வரிசைதான் தங்கம்: எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்த எழுத்தில் அந்தப் பெயர் பதிவானது என்ற வரிசை. பழைய வடிவம் கையில் இல்லாமல் பொருள் சொல்வது குருட்டாம்போக்கு.

ஊரைக் கண்டுபிடித்தாயிற்று, மூதாதையர் அங்கே நிலப்பிரபுவாக இருந்தார் என்று அடுத்த முடிவுக்குத் தாவுவார்கள். ஊர்ப்பெயர் ஒருவருக்கு ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் அவர் அந்த ஊரை விட்டு வந்தபிறகுதான். ஓக்கன்பாட்டத்துக்குள்ளேயே இருக்கிறவரை ஓக்கன்பாட்டத்துக்காரர் என்று யார் கூப்பிடப் போகிறார்கள்? ஆகவே பெயர் செறிந்திருக்கும் இடம் பெயர் பிறந்த இடத்திலிருந்து ஒரு நாள் நடை, இரண்டு நாள் நடை தள்ளியிருப்பது இயல்பு. ஹிக்கின்பாட்டம்கள் கூட்டமாகக் கிடைப்பதும் போல்டனில் அல்ல. தென்கிழக்கே ஸ்டாக்போர்ட், மார்ப்பிள், கிளாசப், ஆஷ்டன் பக்கம். சில சமயம் மூல ஊரே இன்றைய வரைபடத்தில் இருக்காது. பர்ட்விசில் என்ற பெயர் லங்காஷயரில் பாடிஹாம் அருகே இருந்து மறைந்துபோன ஒரு குடியிருப்பிலிருந்து வந்தது. கூகுள் மேப்பில் தேடி, கிடைக்கவில்லை என்று வேறு ஏதோ ஊரைப் பிடித்துக்கொள்வது வீண்வேலை.

வரைபடம் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. பெயர்ப் பரவலைக் காட்டும் வரைபடங்கள் இப்போது இணையத்தில் ஒரு சொடுக்கில் கிடைக்கின்றன. அவற்றில் சில தலைகளை எண்ணிக் காட்டும். சில, மக்கள்தொகையில் எத்தனை விகிதம் என்று காட்டும். முதல் வகையில் எந்தப் பெயரைப் போட்டாலும் லண்டனும் மான்செஸ்டரும் சிவப்பாக எரியும், ஏனென்றால் அங்கே ஆட்கள் அதிகம். விகிதத்தைப் பார்த்தால்தான் மூலை முடுக்கில் இருக்கும் ஒரு மலைக் கிராமம் மேலே வரும். விகிதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஆள் குறைந்த மாவட்டத்தில் ஒரே ஒரு பெரிய குடும்பம் குடியேறியிருந்தால்கூட அந்த இடம் 'பூர்வீகம்' போலப் பளிச்சென்று தெரியும். அரிய பெயர்களில் இது அடிக்கடி நடக்கும். இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அப்புறம் அந்தக் குடும்பத்தின் பெரியவர் எங்கே பிறந்தார் என்று கணக்கெடுப்பிலேயே பார்க்க வேண்டும். 1851 முதல் பிறந்த ஊரையும் எழுதியிருக்கிறார்கள்.

பெரும்பாலான வரலாற்று வரைபடங்களுக்கு அடிப்படை 1881 கணக்கெடுப்பு. அதைத் தன்னார்வலர்கள் முழுவதுமாகப் பெயர்த்தெழுதி வைத்திருப்பதுதான் காரணம். ஆனால் 1881 என்பது தொழிற்புரட்சி நடந்து முடிந்த காலம். பஞ்சாலைகள் கிராமங்களை உறிஞ்சி எடுத்துவிட்டிருந்தன. பருத்தி நகரமான ஆஷ்டனில் கூட்டம் இருப்பதால் பெயர் ஆஷ்டனில் பிறந்தது என்று ஆகிவிடாது. அதற்கு முன்னால் போக, கணப்புகளை எண்ணி வசூலித்த 1662–1689 அடுப்பு வரிப் பட்டியல்கள், வயதுவந்த ஆண்கள் உறுதிமொழி எடுத்ததைப் பதிந்த 1641–42 பட்டியல்கள், எல்லாவற்றுக்கும் மேலாக 1377, 1379, 1381 தலைவரிப் பட்டியல்கள் இருக்கின்றன. எல்லா மாவட்டங்களுக்கும் முழுதாக மிஞ்சவில்லை. மிஞ்சிய இடத்தில் அவை சொல்வதை 1881 வரைபடத்தால் சொல்ல முடியாது.

இந்தச் சிக்கலை அந்தக் காலத்திலேயே யோசித்தவர் ஹென்றி பிரவுகம் கப்பி என்ற பிரிட்டிஷ் இயற்கை ஆய்வாளர். 1890-இல் அவர் பெயர்ப் பரவலைக் கணக்கிட விவசாயிகளின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டார், உழவர்கள் லேசில் ஊர் மாற மாட்டார்கள் என்பதால். அருமையான யோசனை. ஆனால் மிக அரிய பெயர்களை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அதில் இல்லை என்றால் பெயரே இல்லை என்று பொருளல்ல. (தொட்டியில் நீந்தும் கப்பி மீனுக்கும் இவருக்கும் தொடர்பில்லை. அது டிரினிடாடில் வாழ்ந்த இன்னொரு கப்பியின் பெயர்.)

மாவட்ட எல்லையைச் சுவர் போல நினைப்பதும் நேரத்தைத் தின்னும். மார்ப்பிள் அந்நாளில் செஷயரில், ஸ்டாக்போர்ட் சர்ச்சின் நிர்வாக எல்லைக்குள் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெல்லர். அது 1936 வரை டெர்பிஷயர். இன்று இரண்டுமே கிரேட்டர் மான்செஸ்டருக்குள். ஒரு பையன் ஆற்றைத் தாண்டிப் பெண் எடுத்தால் அவன் பிள்ளைகளின் ஞானஸ்நானம் வேறு மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும். செஷயர் பதிவேட்டில் காணவில்லை, ஆகவே வம்சம் அற்றுப்போனது என்று எழுதிவைத்த குடும்ப மரங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன.

சரி, எழுத்துக்கு வருவோம். "எங்கள் குடும்பம் எப்போதும் இப்படித்தான் எழுதும்" என்ற பேச்சை 19-ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் எடுத்துப் போகக் கூடாது. 1538-இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவால் சர்ச் பதிவேடுகள் தொடங்கின; 1837 ஜூலையில் அரசுப் பதிவு வந்தது. இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளும் போதகரோ எழுத்தரோ காதில் விழுந்தபடி எழுதியவைதான். பெயருக்கு உரியவர் கையெழுத்துப் போடத் தெரியாமல் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார். அவர் எதைத் திருத்துவது? ஹிக்கின்பாட்டம், ஹிக்கின்பாதம், ஹெகின்பாதம் எல்லாமே ஒரே வேரின் கிளைகளாக இருக்கலாம். டப்ளினில் பிறந்து ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தலைமை நீதிபதியான ஜார்ஜ் ஹிகின்பாதம் பெயரில் ஒற்றை 'ஜி' மட்டும். அதை வைத்து அது தனிக் குலம் என்று வாதாடுவதில் பயனில்லை.

இங்கே கணினி ஒரு பொல்லாத உதவி செய்யும். வம்சாவளித் தளங்கள் பலவற்றில் 'சவுண்டெக்ஸ்' என்ற தேடல் முறை இருக்கிறது. ஒலியொத்த பெயர்களை ஒரே குறியீட்டில் சேர்ப்பது அதன் வேலை. மேலே சொன்ன வடிவங்கள் எல்லாமே எச்-251 என்ற குறியீட்டில் விழும். அதைப் பார்த்ததும் எல்லாம் கிடைத்துவிட்டது என்று நிம்மதி வரும். ஆனால் சவுண்டெக்ஸ் முதல் எழுத்தை மாற்றாது. லங்காஷயர்க்காரர்களோ முதல் 'ஹ'வை விழுங்கிப் பேசுகிறவர்கள். எழுத்தர் 'இக்கன்பாட்டம்' என்று எழுதியிருந்தால் அது ஐ-251, ஓக்கன்பாட்டம் ஓ-251. நீங்கள் தேடிய பெட்டியில் இரண்டுமே இருக்காது. ஐ (I), ஈ (E), ஏ (A), ஓ (O) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வடிவங்களைத் தனித்தனியாகத் தேடித்தான் ஆக வேண்டும். அதிலும் கிடைக்காவிட்டால் குடும்பப் பெயரையே விட்டுவிட்டு, கணவன் மனைவி முதற்பெயர்களையும் ஊரையும் மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

தேதிகளில் ஒரு சிறிய எச்சரிக்கை. இங்கிலாந்தில் 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ஒரு குழந்தைக்கு 1720 ஏப்ரலில் ஞானஸ்நானம், 1720 பிப்ரவரியில் அடக்கம் என்று பதிவேட்டில் இருந்தால் எழுத்தர் உளறவில்லை. நம் கணக்கில் அது 1721 பிப்ரவரி; குழந்தை பத்து மாதம் இருந்திருக்கிறது.

குலச்சின்னம் விற்கும் கடைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயரைச் சொன்னால் கேடயமும் சிங்கமும் அச்சடித்துத் தருவார்கள், காசு வாங்கிக்கொள்வார்கள். இங்கிலாந்தில் குலச்சின்னம் ஒரு பெயருக்கு உரியதே அல்ல. ஒரு தனி மனிதருக்கும் அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கும் உரியது. 1484-இல் தொடங்கிய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்தான் இன்றும் அதற்குப் பொறுப்பு.

குடும்பக் கதைகளை அப்படித் தூக்கிப் போட முடியாது, அவற்றில் சில உண்மையாகவே இருக்கும். ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் கப்பலில் திருட்டுத்தனமாக ஏறி வந்தார், கேப்டன் பிடித்துச் சென்னையில் இறக்கிவிட்டார் என்று ஒரு கதை பல காலமாக உலவுகிறது. கேட்கச் சுவையான கதை. ஆனால் அவர் வெஸ்லியன் மிஷனரிகளின் புத்தகக் கடையில் வேலை பார்த்து, பிறகு அதையே வாங்கினார் என்பதும், 1880-களின் இறுதியில் சென்னை ஷெரீஃப் ஆனார் என்பதும் வேறு தரத்துச் செய்திகள். இரண்டையும் ஒரே தாளில் ஒரே மையில் எழுதிவிடுவதுதான் தவறு. கதையைக் 'கதை' என்று குறித்துத் தனியே வையுங்கள். சென்னை மாகாணத்தில் வாழ்ந்த ஆங்கிலக் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் சென்னைப் பதிவுகள் அதில் 'என்/2' வரிசையில் இருக்கின்றன.

கடைசியாக, பெயர் ஒன்றென்றால் ரத்தமும் ஒன்று என்ற நம்பிக்கை. அரிய பெயர்களில் இது பாதி உண்மை, அதனாலேயே ஏமாற்றும். குடும்பப் பெயர் தந்தை வழியில் இறங்குகிறது, ஒய் குரோமோசோமும் அப்படியே. ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் 2000-ஆம் ஆண்டில் தன் பெயர் கொண்ட 48 ஆண்களைச் சோதித்தார். சைக்ஸ் என்பது ஓடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பதால் பல ஊர்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஒரே ஒய் வகை இருந்தது. 2009-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 40 பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். ஸ்மித் போன்ற பெயரில் ஒற்றுமையே இல்லை. பெயர் அரிதாக ஆக ஒற்றுமை கூடியது; நாட்டிங்ஹாம்ஷயர் ஊர்ப்பெயரான அட்டன்பரோவில் பெரும்பாலோர் ஒரே கொடி.

ஒரு பெயர் அரிதாக இருப்பதற்குப் பெரிய ரகசியம் தேவையில்லை. சில தலைமுறைகளில் பெண் பிள்ளைகளாகப் பிறந்தால் போதும், பெயர் அற்றுவிடும். இதற்கு 1870-களிலேயே பிரிட்டிஷ் அறிஞர்கள் கால்ட்டனும் வாட்சனும் கணக்குப் போட்டார்கள். அதே அதிர்ஷ்டம் மறுபக்கமும் வேலை செய்யும்: ஒருவருக்கு ஐந்து மகன்கள், அவர்களுக்கு நான்கு நான்கு என்று போனால் ஒரு பள்ளத்தாக்கே அவர் பெயரில் நிரம்பும்.

ஆனால் ஒற்றுமை இல்லாத பாதியை மறக்கக் கூடாது. தத்துப் பிள்ளை, மாற்றாந்தந்தையின் பெயரை எடுத்தவர், தாயின் பெயரில் வளர்ந்தவர், சொத்துக்காகப் பெயர் மாற்றியவர் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். அமெரிக்காவின் கறுப்பின நீதிபதி ஏ. லியோன் ஹிக்கின்பாதமுக்கும் இதே பெயர்தான். அடிமை முறையைச் சட்டம் எப்படித் தாங்கிப் பிடித்தது என்று எழுதியவர் அவர். அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் பரவிய வரலாறு வேறு. லங்காஷயர் மலையடிவாரத்தோடு ரத்த உறவு என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தலைகீழான ஒரு கதையும் உண்டு. 2007-இல் யார்க்ஷயரின் ஓர் அரிய பெயரைக் கொண்ட 18 ஆண்களைச் சோதித்ததில் 7 பேரிடம் மேற்கு ஆப்பிரிக்காவோடு தொடர்புள்ள மிக அரிய ஒய் வகை கிடைத்தது. ஆவணங்களைப் பின்னோக்கிப் பிடித்தபோது அவர்கள் 18-ஆம் நூற்றாண்டு யார்க்ஷயரின் இரண்டு குடும்ப மரங்களில் போய்ச் சேர்ந்தார்கள். தோற்றத்திலோ பெயரிலோ அதற்கு எந்தத் தடயமும் இல்லை.

எனவே டி.என்.ஏ. சோதனைக்குக் காசு கட்டுவதற்கு முன் காகித வேலையை முடித்துவிடுவது நல்லது. ஒரே தாத்தாவின் பேரன்கள் இருவரைச் சோதித்தால் அவர்கள் பேரன்கள் என்பது மட்டுமே தெரியும். ஆவணத்தில் 1800-க்கு முன்பே பிரிந்துபோன இரண்டு கிளைகளில் ஆளுக்கு ஒருவராகப் பிடியுங்கள், ஒருவர் மார்ப்பிள் பக்கம், இன்னொருவர் அயர்லாந்துக் கிளை என்பது போல. அவர்கள் ஒத்துப்போனால் பொது மூதாதை ஒருவர் இருந்தார் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். ஒத்துப்போகாவிட்டால், இருவரில் யாருடைய மரம் எந்தத் தலைமுறையில் முறிந்தது என்று பார்க்க மூன்றாவதாக ஒரு கிளை வேண்டும்.